எதிர்நீச்சல் பார்ட் 2: எங்க அத்தை கேட்கிற ஒரே கேள்வி!

இரவு மணி 9.25 ஆகிவிட்டால் எங்கள் வீட்டில் அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. பி.பி. மாத்திரை, வெந்நீர், மூக்குக்கண்ணாடி, காலை நீட்டிக்கொள்ள முக்காலி எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் வழிந்தாலும் சரி, அமெரிக்காவிலிருந்து சின்ன மகன் வீடியோ காலில் வந்தாலும் சரி, ஒரே பதில்தான்: "பத்து மணிக்கு மேல பேசச் சொல்லு."

சன் டி.வி-யில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' முடிய வேண்டுமே!

அத்தை என்றால் என் மாமியார். வயது 79. திருவான்மியூர் தெற்கு மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில், இரண்டாவது மாடியில் இருக்கிறோம். நான், என் கணவர், மகள், அத்தை. காலையில் மருந்தீஸ்வரர் கோயில் வாசலில் பூ வாங்கப் போனால், முழம் போடுவதற்கு முன்பே பூக்காரம்மா கேட்பார்: "ஏம்மா, நேத்து அந்த அறிவுக்கரசி பண்ணினதைப் பார்த்தியா?" பீச்சில் வாக்கிங் போகும்போதும் அதே பேச்சு. முன்னால் நடக்கிற இரண்டு பெண்மணிகள் ஈஸ்வரியைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டு போகும்போது, யாரோ சொந்தக்காரப் பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றுதான் புதிதாகக் கேட்பவர்களுக்குத் தோன்றும்.

நான் விமர்சகர் எல்லாம் இல்லை. முதல் பாகத்தை ஒருநாள் விடாமல் பார்த்தவள், அவ்வளவுதான். இரவில் தவறவிட்டால் மறுநாள் வேலைக்குப் போகும்போது, பறக்கும் ரயிலில் திருவான்மியூரில் ஏறி திருமயிலையில் இறங்குவதற்குள் போனில் பார்த்துவிடுவேன். விளம்பரம் இல்லாவிட்டால் ஒரு எபிசோடு கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். அந்த உரிமையில்தான் இரண்டாம் பாகத்தைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

சீரியல் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. மதுரையில் ஒரு பெரிய வீடு. ஆதி குணசேகரன், ஞானம், கதிர், சக்தி என்று நான்கு அண்ணன் தம்பிகள். படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து, அடுப்படிக்குள் உட்கார வைப்பதுதான் அந்த வீட்டின் பெருமை. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி என்று மூன்று பேர் ஏற்கெனவே உள்ளே. நான்காவதாக ஜனனி வருகிறாள். அவள் வந்த பிறகு மற்ற மூன்று பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் வருகிறது. 2022 பிப்ரவரி 7 அன்று தொடங்கி, 2024 ஜூன் 8 அன்று முதல் பாகம் முடிந்தது. இயக்குநர் திருச்செல்வம். ஆமாம், 'கோலங்கள்' எடுத்தவரேதான். அதில் தேவயானிக்குத் தோழராக வந்தவர், இதில் ஜீவானந்தமாக வருகிறார். அங்கேயும் வில்லன் பெயர் ஆதி, இங்கேயும் ஆதி. அவருக்கு அந்தப் பெயர் மேல் என்ன கோபமோ!

முதல் பாகத்தை நாங்கள் ஏன் அப்படிப் பார்த்தோம் என்று இப்போது யோசித்தால், மாரிமுத்துவிடம்தான் போய் நிற்கிறது.

'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர். 'பரியேறும் பெருமாள்' உட்பட நிறைய படங்களில் நடித்தவர். ஆனாலும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது குணசேகரன் வேடம்தான். அந்த "இந்தாம்மா ஏய்" மீம்ஸாகப் போனது, கல்லூரிப் பசங்க வரை போனது. சீரியலையே பார்க்காத என் தம்பிகூட அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வில்லனைப் பார்த்து மக்கள் பயப்படலாம், திட்டலாம். சிரித்துக்கொண்டே திட்டியது இவரைத்தான். தம்பிகளை நக்கலடிப்பார், அம்மாவைச் சமாதானம் செய்வார், கரிகாலனைத் திட்டுவார். நாம் சிரித்து முடிப்பதற்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் கதவைச் சாத்தியிருப்பார்.

ஒருநாள் அத்தை, டி.வி-யைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்க மாமனாரும் இப்படித்தான். சிரிக்கச் சிரிக்கப் பேசிட்டே வேண்டாம்னுடுவார்."

அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கதை தெரிந்தது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடமாக அதே வீட்டில் இருக்கிறேன், அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அத்தை டீச்சர் டிரெயினிங் முடித்தவர். கல்யாணமான மறுவருடம், 1967-ல், தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலை ஆர்டர் வந்திருக்கிறது. மாமனார் அதை வாங்கிப் படித்துவிட்டு, "நம்ம வீட்லயே பத்துப் பிள்ளைங்க வரப்போகுது, இங்கேயே பள்ளிக்கூடம் நடத்தும்மா" என்றாராம். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்களாம். "நானும் சிரிச்சேன்" என்றார் அத்தை.

யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. வேலை போய்விட்டது.

மாரிமுத்து செய்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் பெண்களை அடக்குகிற ஆண் எப்போதும் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பதில்லை. பல வீடுகளில் அவர்தான் ரொம்ப சுவாரஸ்யமான ஆள். பந்தியில் எல்லோரையும் சிரிக்க வைப்பவர். அவரை வெறுக்க முடியாததால்தான் அவரை எதிர்க்கவும் முடியாது. அந்த ஆளை அப்படியே கொண்டுவந்து நடுக்கூடத்தில் உட்கார வைத்தார் மாரிமுத்து.

2023 செப்டம்பர் 8. காலையில் இந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. போய்விட்டார். 'ஜெயிலர்' வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு நான் ஆபீஸில் இருந்தேன். அத்தை போன் செய்து, "குணசேகரன் செத்துட்டாராம்டி" என்றார். சொல்லிவிட்டு, அந்த மனிதரின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும் போல, "மாரிமுத்து" என்றார். இரண்டு வருடமாக வாய்விட்டுத் திட்டிய ஆளுக்காக அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அதன் பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீரியல்களில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போவது நமக்குப் பழகிய விஷயம். ஆனால், இது சாதாரண மாற்றம் இல்லை. 'குற்றப் பரம்பரை' எழுதிய எழுத்தாளர் அவர். 'மதயானைக் கூட்டம்', 'கிடாரி' படங்களில் அவர் நடந்து வந்தாலே திரை கனத்துப்போகும். அவரைக் குறை சொல்வது நியாயமே இல்லை. ஆனால் அவருடைய குணசேகரன் வேறு ஆள். மாரிமுத்துவின் குணசேகரன் நம் பெரியப்பா, மாமா, மாமனார். வேல ராமமூர்த்தியின் குணசேகரன் ஊர்ப் பெரிய மனுஷன். ஊர்ப் பெரிய மனுஷனைப் பார்த்தால் தள்ளி நின்று பயப்படுவோம், அதோடு சரி.

இரண்டாம் பாகத்தின் சிக்கல் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

முதல் பாகத்தின் கடைசி மாதங்களும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். தர்ஷினியைக் கடத்திக்கொண்டு போய், அவளைத் தேடு தேடென்று தேடி, எங்களையும் தேட வைத்து, பாதிப் பேர் அப்போதே சேனல் மாற்றிவிட்டார்கள். பிறகு திடீரென்று அவசர அவசரமாக முடித்தார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை எடுத்தது போல இருந்தது.

அதற்கப்புறம் ஆறு மாதம் எங்கள் வீட்டில் ஒன்பதரை மணி என்று ஒன்று இல்லவே இல்லை. அத்தை எட்டரைக்கே படுத்துவிடுவார், மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார். கண்புரை ஆபரேஷனும் அப்போதுதான் நடந்தது. 2024 டிசம்பர் 23 அன்று இரண்டாம் பாகம் தொடங்குகிறது என்று தெரிந்ததும், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "இப்பதான் எல்லார் முகமும் தெளிவாத் தெரியும்" என்று காத்திருந்தார்.

தெளிவாகத் தெரிந்த முதல் முகம், புது ஜனனி!

மதுமிதா வரவில்லை. பார்வதி என்ற பெண் வந்திருக்கிறார். நன்றாகத்தான் செய்கிறார். ஆனால் 700 எபிசோடுக்கு மேல் ஒரு முகத்தோடு அழுது சிரித்த பிறகு, ஒரே ராத்திரியில் வேறு முகத்தைப் பார்த்து 'ஜனனி' என்று கூப்பிடு என்றால் வாய் வரமாட்டேன் என்கிறது. இதற்கிடையில் மதுமிதா விஜய் டி.வி-யின் 'அய்யனார் துணை'யில் நிலாவாக வந்துவிட்டார். அங்கேயும் அவர் போய்ச் சேர்ந்தது நான்கு அண்ணன் தம்பிகள் இருக்கிற வீடு! ஆனால் இவர்கள் தங்கமான பிள்ளைகள். "பாவம், இந்த ஜென்மத்துலயாவது அந்தப் பொண்ணுக்கு நல்ல வீடு கிடைச்சுது" என்று அத்தைக்கு நிஜமாகவே சந்தோஷம்.

தமிழ் சீரியல்களில் இரண்டாம் பாகம் என்பது பெரும்பாலும் பெயர்ப் பலகை மட்டும்தான். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' இரண்டாம் பாகத்தில் ஸ்டாலின் இருந்தார், கடை இருந்தது, கதை வேறு. 'பாரதி கண்ணம்மா 2' வந்த வருடமே போய்விட்டது. 'சித்தி 2'-வில் பாதியிலேயே ராதிகா விலகிக்கொண்டார். அவற்றோடு ஒப்பிட்டால் திருச்செல்வத்துக்குத் தைரியம் அதிகம். அதே வீடு, அதே நான்கு பெண்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன் என்றார். அதற்காகவே ஒரு சபாஷ்.

ஆனால் அதே வீடு என்றதும் ஒரு பயமும் வந்தது. முதல் பாகத்தில் இவர்கள் ஒவ்வொரு படியாக ஏறியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வாசலைத் தாண்டியது, குரலை உயர்த்தியது, ரேணுகா நாட்டியத்துக்கும் நந்தினி சமையல் தொழிலுக்கும் போராடியது எல்லாம் எங்கள் கண் முன்னால் நடந்தது. இரண்டாம் பாகம் வேண்டுமென்றால் அவர்கள் திரும்பவும் கீழே இறங்க வேண்டும். இறங்கினார்கள். பரமபதத்தில் 99-ல் பாம்பு கடித்தது போல.

சீரியலுக்கு இது ஒரு தொழில் நிர்ப்பந்தம், புரிகிறது. பெண்கள் ஜெயித்துவிட்டால் மறுநாள் ஒன்பதரை மணிக்கு என்ன காட்டுவது? அதனால் ஜெயிக்கப் போகிற ஒவ்வொரு தடவையும் கதையே கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. சில நாள் பார்க்கும்போது, குணசேகரனைவிட இந்த சீரியல்தான் அவர்களை வெளியே விடமாட்டேன் என்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஈஸ்வரியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். இந்த பாகத்தின் உயிரே கனிகாதான். மகன் தர்ஷனுக்கு அன்புக்கரசியைக் கட்டிவைக்க வீடே நிற்கிறது. பார்கவியின் வாழ்க்கைக்காக ஈஸ்வரி ஒருத்தி எதிரே நிற்கிறாள். மகன் என்பதற்காக அவன் செய்ததை மூடி மறைக்கவில்லை. தன் மகன் ஒரு பெண்ணை ஏமாற்றக் கூடாது என்று ஒரு அம்மாவே நிற்பதை நம் சீரியல்களில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்? புருஷன் முன்னால் நின்று அவள் வாதாடிய இடத்தில் எங்கள் வீட்டில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. பார்க்காத மாதிரியே போனை நோண்டிக்கொண்டு எப்போதும் பார்க்கிற என் கணவரும் அன்று போனைக் கீழே வைத்துவிட்டார்.

அப்படிப்பட்டவளை என்ன செய்தார்கள்? குணசேகரன் தாக்கினார். ஆஸ்பத்திரிப் படுக்கை. கண் திறக்கவில்லை. வாரக்கணக்கில் திறக்கவில்லை. கதையில் பேசத் தெரிந்த ஒருத்தியைப் பேச முடியாமல் படுக்கவைத்துவிட்டு, சுற்றி எல்லோரும் ஓடினார்கள். போலீஸ், வக்கீல், போனில் ஒரு வீடியோ, அதைத் தேடி ஓட்டம், கார் துரத்தல். ஒருவர் பேசி முடித்தால் கூடத்தில் நிற்கிற எல்லோர் முகத்தையும் ஒரு சுற்று காட்டி முடிப்பதற்குள் நான் ஒரு டப்பா வெங்காயம் உரித்துவிடுவேன்.

எனக்கு வேண்டியது அந்த ஓட்டம் இல்லை, அடுப்படி.

முதல் பாகத்தின் உண்மையான பலம் அந்த அடுப்படிதான். நான்கு பேரும் காய் நறுக்கிக்கொண்டே பேசுவார்கள். நந்தினி புருஷனை வாங்கு வாங்கென்று வாங்குவாள். ரேணுகா ஒன்று சொல்வாள், ஈஸ்வரி நிதானமாக ஒன்று சொல்வாள், நான்கு பேரும் சிரிப்பார்கள். கூடத்தில் குணசேகரன் குரல் கேட்டதும் கப்சிப். வசனம் எழுதிய ஸ்ரீவித்யாவின் கை அந்த இடங்களில்தான் பேசியது. அந்த வீட்டில் ஓரகத்திகள் ஒருவருக்கொருவர் விஷம் வைக்கவில்லை, மந்திரிக்கவில்லை. ஒருத்திக்கு ஒருத்தி துணை நின்றார்கள். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சீரியல் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். என் ஓரகத்தியும் நானும் சரியாகப் பேச ஆரம்பித்ததே இந்த சீரியலைப் பற்றித்தான். அவள் நங்கநல்லூரில் இருக்கிறாள். பத்து மணிக்குத் தவறாமல் வாட்ஸ்அப் வரும்.

இரண்டாம் பாகத்திலும் அந்த அடுப்படி எப்போதாவது வருகிறது. வந்தால் அன்றைய எபிசோடு பிழைத்துவிடுகிறது. திருச்செல்வம் சார், உங்களிடம் ஒரு ரசிகையின் வேண்டுகோள்: ஆள் கடத்தலைக் குறைத்துவிட்டு, நந்தினி முதல் முதலாகச் சம்பாதித்த பணத்தை எங்கே ஒளித்து வைக்கிறாள், முதலில் என்ன வாங்குகிறாள் என்று ஒரு வாரம் காட்டுங்கள். நாங்கள் எழுந்து போகமாட்டோம்.

தர்ஷன் கடைசியில் பார்கவி கழுத்தில் தாலி கட்டியபோது பூக்காரம்மா எனக்கு ஒரு முழம் மல்லி கூடுதலாகக் கொடுத்தார். "கல்யாண வீட்டுப் பூ" என்றார். நான் அத்தையிடம் கொடுத்தேன். அத்தை அவ்வளவாக மகிழவில்லை. "கல்யாணம் ஆயிடுச்சு, சரி. அந்தப் பொண்ணு அடுத்து அதே வீட்டுக்குத்தானே வரணும்?" என்றவர், அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"அந்தப் பொண்ணுங்க எப்பத்தான்டி ஜெயிச்சு வெளியில வருவாங்க? நான் இருக்கறப்பவே காட்டிடுவாங்களா?"

முன்பெல்லாம் சிரித்துக்கொண்டு, "ஆயிரம் எபிசோடு போகட்டும் அத்தை" என்பேன். இப்போது அப்படிச் சொல்ல வருவதில்லை.

போன வாரம் ஒரு விஷயம் நடந்தது. என் மகள் டைடல் பார்க் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடம். அவளுக்கு பெங்களூரில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்திருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு சோபாவில் உட்கார்ந்து மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். டி.வி-யில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதரைக்கு யாரும் எதையும் விவாதிக்க மாட்டோம் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், கெட்டிக்காரி.

என் கணவர் கோபப்படுகிறவர் இல்லை. சிரித்தார். "இங்க பத்து நிமிஷத்துல ஆபீஸ், வாசல்ல இறங்கினா பீச். அங்க போய் டிராஃபிக்ல உக்காந்து எஃப்.எம். கேக்கப் போறியா? அதுக்கு நானே தினமும் கார்ல வெச்சு ஓ.எம்.ஆர்-ல ரெண்டு ரவுண்டு சுத்திக் காட்டறேன்" என்றார். நன்றாகத்தான் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். மகளும் சிரித்தாள்.

அத்தை ரிமோட்டை எடுத்து மியூட் செய்தார். சீரியல் ஓடும்போது அவர் மியூட் செய்து நான் பார்த்ததே இல்லை. திரையில் வேல ராமமூர்த்தி சத்தமில்லாமல் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தாப்பா ஏய்" என்றார் அத்தை, மகனைப் பார்த்து.

மாரிமுத்து மாதிரியே கையை நீட்டிச் சொன்னார். மகள் வாயில் சோற்றோடு புரையேறி இருமினாள். என் கணவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் அது எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அந்த 1967 ஆர்டர் கதை அவருக்கும் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். அத்தை வேறு எதுவும் பேசவில்லை. சத்தத்தைக் கூட்டிவிட்டு, "என்ன சொன்னான் இவன், கவனிச்சியா?" என்று என்னைக் கேட்டார்.

மறுநாள் காலை காபி டம்ளரோடு வந்து, "பெங்களூர்ல உங்க ஆபீஸ் பக்கம் மெட்ரோ இருக்கா?" என்று கேட்டார் என் கணவர். மகள் போனில் மேப்பைத் திறந்து காட்டினாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.

கூடத்திலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "ஏண்டி, அங்க ஒன்பதரைக்கு ரூமுக்கு வந்துடுவியா?"

"வந்துடுவேன் பாட்டி."

"அப்ப நீயும் போன்ல பாரு. விளம்பரம் போடறப்ப கூப்பிடு, எடுக்கறேன்."